மூன்று ஸ்தாயியும் ஒரு மச்சானும்

கங்காதரன் ஒரு தீர்மானம் செய்தார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த தீர்மானங்களில் நிறைவேறியது மீசையை எடுத்தது ஒன்றுதான். அதுவும் சாரதா சொல்லி எடுத்தது. இருந்தாலும் தீர்மானம் செய்யும் பழக்கத்தை அவர் விடவில்லை. சிலருக்கு வெற்றிலை, சிலருக்கு மூக்குப்பொடி, அவருக்கு இது.

இந்தத் தடவை தீர்மானம் பெரியது. என்ன ஆனாலும் சரி, மனைவியின் அண்ணன் ராஜப்பாவை முன்னறையில் படுக்க விடுவதில்லை.

கோலார் தங்கவயலில், ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் புரியும். முன்னால் ஒரு அறை, பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் தகரம் போட்ட சாய்ப்பு. ராஜ்ஜியம் அவ்வளவுதான். சமையலறை சாரதாவுடையது. சாய்ப்பு தண்ணீர் டிரம்களுடையது. முன்னறை தன்னுடையது என்று கங்காதரன் நினைத்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் அவருடைய மாடுலர் சிந்தசைசர் இருந்தது. மரச்சட்டத்தில் வரிசையாகப் பலகைகள், பலகைகளில் குமிழ்கள், குமிழ்களுக்கு நடுவே சிவப்பும் மஞ்சளுமாக ஒயர்கள். முதன்முதலாகப் பார்ப்பவர்கள், கரண்டுக்காரன் பாதியில் விட்டுப்போன வேலை என்று நினைப்பார்கள். உண்மையில் அது இசைக்கருவி. சாரதா அதை ‘டப்பா’ என்றாள். அதனால் லைன் முழுக்க அதற்கு டப்பா என்றே பெயர்.

அந்த டப்பாவில் ஆசிலேட்டர் என்று ஒரு பலகை. அதுதான் சத்தம் போடும். மற்ற பலகைகள் எல்லாம் அந்தச் சத்தத்துக்குத் தகுந்தபடி அடங்கி நடக்கும். குடும்பம் நடத்திய கங்காதரனுக்கு இந்த ஏற்பாடு சுலபமாகப் புரிந்துவிட்டது. புரியாதது அதன் சுருதிதான்.

ஒரு வோல்ட் கூட்டிக் கொடுத்தால் சத்தம் மிகச் சரியாக ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். இன்னொரு வோல்ட்டுக்கு இன்னொரு ஸ்தாயி. ஏறுமா? ஏறாது. அதற்காகப் பலகையில் ட்ரிம்மர் என்று நகம் அளவுக்கு ஒரு நீலப் பெட்டியும், அதன் தலையில் ஒரு பித்தளைத் திருகும் உண்டு. திருகைத் திருப்பி மேல் ஸ்தாயியைச் சரிசெய்தால் கீழே கெடும். கீழே சரிசெய்துவிட்டு மேலே போனால் அங்கே கெட்டிருக்கும். அந்தக் காலத்தில் தங்கச் சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு ஷாஃப்ட்டுக்குள் ஏறி இறங்கியதுபோல நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டும். ஷாஃப்ட்டில் இறங்கினவர்களுக்குத் தங்கமாவது கண்ணில் பட்டது.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த வேலை முடிந்தாக வேண்டும். பெங்களூரிலிருந்து நிக்கோல் வருகிறாள். இந்த மாதிரி இயந்திரங்களை மேடையில் வாசிக்கிற பெண். இன்டர்நெட்டில் பழக்கம். ‘உங்கள் கையால் செய்த ஆசிலேட்டர் மூன்று ஸ்தாயிக்குப் பிசகாமல் ஏறினால், அடுத்த கச்சேரியில் அதைத்தான் வாசிப்பேன்’ என்று சொல்லியிருந்தாள். கங்காதரன் தினமும் ரயிலேறிப் பெங்களூர் ஆலைக்குப் போய், அடுத்தவர் செய்த பலகைகளைச் சோதித்துச் சோதித்தே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரே செய்த ஒன்று மேடை ஏறப்போகிறது. ஏறுமா, ஏறாதா என்பது அந்தப் பித்தளைத் திருகின் கையில் இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் சாரதா அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

“ஏங்க, எங்க அண்ணனுக்கு கண்ணு ஆபரேஷன். கோலார்ல பண்றாங்களாம். முடிச்சிக்கினு இங்க வந்து இருன்னு சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டியா, இல்ல என்ன கேக்கறியா?”

“சொல்லிட்டேன்னு உங்ககிட்ட சொல்றேன்.”

“ஓசூர்ல அவரு பையன் ஊடு கீதே?”

“அங்க ராவும் பகலும் ஏசி ஓடுது. அண்ணனுக்கு குளுரு ஆவாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். ராஜப்பா சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் ஆழத்து லெவலில் துளை போட்டவர். பாறையே அடுப்பு மாதிரி கொதிக்கிற இடம். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாகியும் அவர் உடம்புக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. பூமிக்கு மேலே இருப்பதெல்லாம் அவருக்குக் குளிர்தான். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டு நடப்பார்.

“எங்க படுப்பாரு?” என்றார் கங்காதரன், பதில் தெரிந்தும்.

“முன்னாடி ரூம்ல.”

கங்காதரன் எழுந்து நின்றார். தீர்மானத்தை அமல்படுத்தும்போது எழுந்து நிற்பது அவர் வழக்கம்.

“இத்த கேளு சாரதா. அந்த போர்டுல ட்ரான்சிஸ்டர் கீது. ஒரு டிகிரி சூடு ஏறினா அது ஒரு பேச்சு பேசும், எறங்கினா இன்னொரு பேச்சு பேசும். ஒரு ஆளு பக்கத்துல போயி உக்காந்தாலே சுருதி மாறிடும். உங்க அண்ணன் சைஸுக்கு கேக்கவே வோணாம்.”

சண்டை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. சாரதா பொறுமையாக அடுத்த அவரைக்காயை எடுத்தாள். அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

“அவ்ளோ நைஸா அது?”

“அவ்ளோ நைஸு.”

“ஆளு வந்தா மாறும்.”

“மாறும்.”

“வந்த ஆளு எழுந்து போனா?”

“திரும்பியும் மாறும்.”

“போகாம அங்கயே கெடந்தா?”

கங்காதரனுக்குத் தப்பிக்க ஒரு வழி இருந்தது. ஒரு பொய் போதும். ஆனால் மின்சார விஷயத்தில் பொய் சொல்ல அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மற்ற எந்த விஷயத்திலும் அவருக்கு இந்த நோய் கிடையாது.

“கெடந்தா... கொஞ்ச நேரத்துல ஒரே சூடா நின்னுடும். அப்பால மாறாது.”

“அப்ப சரியா போச்சு. ஆடாம அசையாம படுக்கணும்னு டாக்டரே சொல்லி கீறாரு. சும்மா சும்மா போயி வந்துக்கினு கீறது நீங்கதான். ராத்திரில நீங்க சமையல் கட்டுல படுத்துக்கோங்க.”

மச்சானை முன்னறையில் விடுவதில்லை என்று தொடங்கிய தீர்மானம், கங்காதரனை முன்னறையில் விடுவதில்லை என்று ஏகமனதாக நிறைவேறியது.

ராஜப்பா வந்து இறங்கினார். கண்ணில் பச்சைத் துணி, தோளில் ஒரு கம்பளி. கம்பளி என்றால் சாதாரணக் கம்பளி இல்லை. அதைத் துவைத்துக் காயப்போட்டால் லைனில் இரண்டு வீட்டுக்கு நிழல் விழும்.

“வாங்க மச்சான்.”

“வர்றேன் மாப்ள. இன்னா மாப்ள, ஊரு இப்டி குளுருது?”

வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. ராஜப்பா ஜன்னலைச் சாத்தினார். கதவிடுக்கில் துண்டைச் சொருகச் சொன்னார். டப்பாவுக்குப் பக்கத்தில் கட்டிலில் கம்பளிக்குள் புகுந்தார். கொஞ்ச நேரத்தில் அறை, இட்லிப் பானைக்குள் போன மாதிரி ஆனது.

கங்காதரனிடம் இன்னொரு திட்டம் இருந்தது. சுருதி சேர்க்கிற சாக்கில் அந்த ஆசிலேட்டரை ஓயாமல் அலறவிடுவது. பச்சை உடம்புக்காரர், தாங்க மாட்டார், தானாகவே ஓசூருக்குக் கிளம்பிவிடுவார். யாரும் யாரையும் போகச் சொன்னதாக ஆகாது.

ஸ்பீக்கரை மச்சானின் காதுப் பக்கம் திருப்பி வைத்தார். கீழ் ஸ்தாயியில் ‘பூம்’ என்றது. ஒரு வோல்ட் ஏற்றினார். ‘ஊம்’ என்றது. இன்னும் ஏற்றினார். ‘ஈ’ என்று காதைத் துளைத்தது. திருகைத் திருப்பினார், இறங்கினார், ஏறினார்.

முதலில் துடித்தது பக்கத்து வீட்டு லூயிசா. லைன் வீட்டில் சுவர் என்பது கண்ணுக்குத்தான், காதுக்கு இல்லை.

“கங்காதர்! இன்னா மேன் அது? கொசு மைக் புடிச்சிக்கினு பாடுதா?”

“சுருதி சேக்கறேன் லூயிசா!”

“சேத்துட்டு சொல்லு மேன், அதுவரைக்கும் நான் பங்காருபேட்டைக்குப் போயி இருக்கேன்!”

கங்காதரன் ஆசையோடு மச்சானைப் பார்த்தார். ராஜப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பாறையில் துளைபோடும் மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு இளமையைக் கழித்தவருக்கு இது தாலாட்டு. சாப்பாட்டுக்கு எழுந்தபோது கங்காதரன் டப்பாவை அணைத்தார். உடனே ராஜப்பா விழித்துக்கொண்டார்.

“இன்னா மாப்ள, கரண்டு போயிடுச்சா?”

“இல்ல மச்சான், நிறுத்தினேன்.”

“நிறுத்தாத மாப்ள. அது இல்லன்னா பொட்டுன்னு தூக்கம் கலையுது.”

அந்த வாரம் முழுக்க இப்படிப் போனது. ஆனால் கங்காதரன் யாரிடமும் சொல்லாத ஒன்று நடந்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் பிடிகொடுக்காத ஆசிலேட்டர், பிடிகொடுக்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் காலையில் சேர்த்த சுருதி மத்தியான வெயிலில் ஓடிப்போகும். இப்போது காலையில் எப்படியோ சாயங்காலமும் அப்படி. கீழே சரி, நடுவில் சரி, மேலேயும் சரி. போனில் சுருதி காட்டுகிற முள் நடுக்கோட்டில் ஆணி அடித்த மாதிரி நின்றது. மூன்று ஸ்தாயி!

இதற்கு யார் காரணம்? கங்காதரன் யோசித்தார். தன்னுடைய திறமைதான் என்று முடிவு செய்தார்.

ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. ட்ரிம்மரைச் சரியான இடத்தில் நிறுத்தியதும், யார் கைபட்டும் அசையாதபடி திருகின் தலையில் ஒரு சொட்டு அரக்குப் பூச்சு வைத்துவிடுவார்கள். வீட்டில் அரக்குப் பூச்சு ஏது? சாரதாவின் நெயில் பாலிஷ் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், கல்யாணப் பெண்ணுக்குப் பொட்டு வைக்கிற பக்தியோடு கங்காதரன் அந்தத் திருகுக்கு ஒரு சிவப்புச் சொட்டு வைத்தார். காய்ந்து கல்லானது. வேலை முடிந்தது.

வேலை முடிந்தால் மச்சான் எதற்கு?

“சாரதா, உங்க அண்ணன் கண்ணு நல்லா ஆயிடுச்சு இல்ல? நாளைக்கு அவுங்க ஊருக்குப் போகட்டுமே. பேரப் பசங்க தேடும்.”

சாரதா அவரை ஒரு கணம் பார்த்தாள்.

“போகணுமா?”

“ஞாயித்துக்கெழம ஆளு வராங்க. முன் ரூம் கொஞ்சம் பாக்க லட்சணமா இருக்கணும்.”

“சரி. நானே பஸ் ஏத்தி வுட்டுட்டு வரேன்.”

அவ்வளவுதான். அழுகை இல்லை, அம்மா வீட்டுப் புராணம் இல்லை. சனிக்கிழமை காலையில் அண்ணனும் தங்கையும் பையோடு வெளியே போனார்கள். கங்காதரன் ஜன்னலை விரியத் திறந்தார். ஊரிகத்துக் காற்று உள்ளே வந்தது. கட்டிலை மடக்கி வைத்தார். சாரதா சீக்கிரமே திரும்பி வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்வர அந்த நேரம் போதாது என்பது, வெற்றி வீரருக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு டப்பாவைப் போட்டார். நன்றாகச் சூடேறட்டும் என்று காத்திருந்தார். கீழ் ஸ்தாயி சரி. ஒரு வோல்ட் ஏற்றினார். கொஞ்சம் இழுத்தது. இன்னும் ஏற்றினார். மூன்றாவது ஸ்தாயி புளித்த மோர் மாதிரி இருந்தது. முள் நடுக்கோட்டை விட்டு ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

திருகில் கை வைத்தார். அசையவில்லை. சாரதாவின் நெயில் பாலிஷ் சாரதா மாதிரியே உறுதியாக இருந்தது. அழுத்தினால் பித்தளைத் தலை சிதைந்துவிடும்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அந்த வாரம் முழுக்க அவர் சுருதி சேர்த்தது ஆசிலேட்டருக்கு இல்லை. மச்சானுடைய உடம்புச் சூட்டுக்கு.

ஜன்னலைச் சாத்தினார். கதவைச் சாத்தினார். இஸ்திரிப் பெட்டியைப் போட்டுப் பக்கத்தில் வைத்தார். சுருதி நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடியது. இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். இந்தப் பக்கம் ஓடி வந்தது. குண்டானில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து முள்ளே தெரியவில்லை. கடைசியில், மச்சான் விட்டுப்போயிருந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு மடக்கி வைத்த கட்டிலை விரித்துத் தானே படுத்தார். சூடு வரவில்லை. அவர் உடம்பில் இருந்த சூட்டுக்கு ஒரு டம்ளர் காபியைக்கூட ஆறாமல் வைத்திருக்க முடியாது. முள்ளைப் பார்க்க எழுந்தால் அதுவும் போய்விடும்.

கதவு திறந்தது. சாரதா நின்றிருந்தாள்.

“இன்னாங்க, ஜுரமா? கம்பளி போத்திக்கினு கீறீங்க?”

“ஒண்ணியும் இல்ல.” கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது. “சாரதா... உங்க அண்ணன் பத்திரமா போயி சேந்தாரா?”

“இன்னாத்துக்கு?”

“சும்மாதான். கண்ணு எப்டி கீதுன்னு விசாரிக்கலாம்னு.”

“போன் போட்டு விசாரிங்க.”

போட்டார். ஓசூரில் மணி அடிக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அடித்தது.

“ராஜப்பா! உன் போன் மேன்!” என்றாள் லூயிசா, சுவருக்குப் பின்னாலிருந்து.

கங்காதரன் எழுந்து உட்கார்ந்தார். சாரதா நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

“பஸ்ல ஏசியாம். அண்ணனுக்கு ஆவாதுன்னு பக்கத்து ஊட்டுல விட்டுட்டேன். ஒரு வாரமா உங்க பாடத்த கேட்டுக்கினுதானே இருந்தேன். அவரு போனா உங்க டப்பா கதி இன்னா ஆவும்னு தெரியாதா எனக்கு?”

“தெரிஞ்சா சொல்றதுக்கு இன்னா?”

“நீங்க என்ன கேக்கலியே.”

போனில் ராஜப்பா காத்திருந்தார்.

“சொல்லு மாப்ள.”

“மச்சான், கொஞ்சம் இங்க வந்து படுக்கறீங்களா?”

“வோணாம் மாப்ள, உனக்கு எதுக்கு தொந்தரவு? லூயிசா கேக்கு குடுத்து கீறா. சாப்ட்டுக்கினு கீறேன்.”

“தொந்தரவே இல்ல மச்சான். உங்க ஊடு மாதிரி நெனச்சிக்கோங்க.”

“அப்டியா? சாரதாவ கேளு. அவ சொன்னா வரேன்.”

கங்காதரன் போனைக் கீழே வைத்தார். தன் வீட்டுக்கு விருந்தாளியை வரவழைக்கத் தன் மனைவியிடமே சிபாரிசு பிடிக்க வேண்டிய நிலை.

“சாரதா, நிக்கோல் வந்து போற வரைக்கும்...”

“அதெல்லாம் ஆவாது. ஒரு நா கூப்டு ஒரு நா தொரத்த அவரு இன்னா வாடகை சைக்கிளா? இன்னொரு கண்ணு ஆபரேஷன் பாக்கி கீது. அது முடியற வரைக்கும் இங்கதான் இருப்பாரு.”

“அது எப்ப?”

“ஆடி போகட்டும்.”

சித்திரையே இன்னும் முடியவில்லை. கங்காதரன் டப்பாவைப் பார்த்தார். முள் ஓரத்தில் கிடந்தது. “சரி,” என்றார். சாரதா சுவரை இரண்டு தட்டுத் தட்டினாள். “அண்ணே! வாங்க! அவுரே கூப்புடறாரு!”

மூன்று மணிக்கு நிக்கோல் வந்தாள். முடியில் பாதியை ஊதா நிறமாக்கியிருந்தாள். முன்னறைக்குள் போகப் பார்த்தவளைச் சாரதா வாசற்படியிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். ஒயரை நீட்டி, டப்பாவை வாசிக்கிற கீபோர்டை அவள் மடியில் வைத்தாள். உள்ளே போக முயன்ற கங்காதரனை, கூட ஒரு ஆள் வந்தால் அறைச் சூடு கெடும் என்று, ஒருக்களித்துச் சாத்திய ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நிறுத்தினாள். தான் செய்த இயந்திரத்தின் முதல் வாசிப்பை அவர் கம்பி வழியாகக் கேட்டார், ஜெயிலுக்குப் பார்வையாளர் வந்த மாதிரி.

நிக்கோல் கீழே ஆரம்பித்து மேலே போனாள். முதல் ஸ்தாயி. இரண்டாவது. மூன்றாவது. கண்ணாடியில் கோடு கிழித்த மாதிரி சுத்தமாகப் போனது. கூடவே ராஜப்பாவின் குறட்டை தாளம் தவறாமல் வந்தது.

“வாவ் அங்கிள்! அந்த பேஸ் எந்த மாட்யூல்லேர்ந்து வருது?”

“அது மாட்யூல் இல்லம்மா,” என்றார் கங்காதரன்.

“பிட்ச் சும்மா ராக் மாதிரி நிக்குது. டெம்பரேச்சருக்கு என்ன போட்டிருக்கீங்க?”

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் ஒரு வாரம் தயாராகியிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

“எங்க அண்ணனதான்,” என்றாள் சாரதா, தட்டில் வடையோடு வந்து.

நிக்கோல் எட்டிப் பார்த்தாள். சாரதா முழுக்கதையையும் சொன்னாள். சொல்லும்போது கங்காதரனைப் பற்றிய இடங்களில் கொஞ்சம்கூடக் குறைக்கவில்லை. பெண் சிரித்துச் சிரித்து வடையைக் கீழே போட்டாள். ஆசிலேட்டரைக் கட்டாயம் வாசிக்கிறேன் என்றாள். “பட் ஹால்ல ஏசி இருக்குமே ஆன்ட்டி?”

“அதுக்கென்னம்மா, கம்பளியோட அண்ணனையும் கூட்டிக்கினு போ.”

“சூப்பர்! ஸ்டேஜ்லயே பெட் போட்டுடலாம்!” என்று சொல்லி, டப்பாவையும் கம்பளிக்குள் இருந்த ராஜப்பாவையும் சேர்த்துப் படம் எடுத்தாள்.

“நானும் அந்தப் படத்துல...” என்று ஜன்னலில் ஒரு குரல் கேட்டது. அதற்குள் எடுத்து முடித்துவிட்டாள்.

சில நாள் கழித்து கூரியர்கார மஞ்சுநாத் வாசலில் வண்டியை நிறுத்தினார். “ராஜப்பா அந்த்ரே யாரு சார்?” என்றார், ‘ராஜப்பா என்றால்’ என்பதைக் கன்னடத்தில் கலந்து.

கங்காதரன் கையெழுத்துப் போட்டு வாங்கினார். கச்சேரி அழைப்பிதழ். வழவழ அட்டையில் அந்தப் படம். மேலே நிக்கோலின் பெயர், கீழே அதே அளவு எழுத்தில் ராஜப்பாவின் பெயர். டிபன் உபயம் என்று சாரதாவுக்கும் நன்றி போட்டிருந்தது. கங்காதரன் முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். மடிப்பைப் பிரித்து உள்ளே பார்த்தார்.

“சாரதா, இத செஞ்சது நானு. என் பேரு எங்கயும் இல்லியே?”

சாரதா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அழைப்பிதழை விட்டுவிட்டு, அவர் கிழித்துப் போட்ட கவரை எடுத்து நீட்டினாள்.

“இல்லாம இன்னா? நல்லா பாருங்க, எவ்ளோ பெருசா கீது: ராஜப்பா, கேர் ஆஃப் கங்காதரன்.”